செய்தியை ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தேன்

நம் ஊர்ச் செய்தித் தளத்தில் இந்த மாதம் புதிதாகச் சேர்ந்த நீங்கள் அனுப்பிய முதல் செய்திகளை உட்கார்ந்து படித்தேன். மொத்தம் ஏழு. அதில் நான்கில் உங்கள் பெரியப்பாவோ மாமாவோ வருகிறார்கள். ஒருவருடைய மாமா பனியன் கடை திறந்திருக்கிறார். 'திருப்பூரே திரும்பிப் பார்க்கிறது' என்று தலைப்பு. அந்தக் கடையைத் தாண்டித்தான் நான் தினமும் காய்கறி வாங்கப் போகிறேன். யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் ஒரு முறை திரும்பினேன், அதுவும் பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்ததால்.

வெட்கப்பட வேண்டாம். இந்த வாசல் வழியாகத்தான் எல்லோரும் உள்ளே வந்திருக்கிறோம். சம்பளம் இல்லாமல் ஊர்ச் செய்தி எழுத வருகிறவருக்கு முதலில் தெரிந்த செய்தி அவருடைய வீட்டுச் செய்தியாகத்தான் இருக்கும். விதிகளை உங்களுக்கு அனுப்பியிருப்பார்கள். நடுநிலை, சுயவிளம்பரம் கூடாது, சம்பந்தம் இருந்தால் சொல்லிவிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். படித்துவிட்டு, 'சரி, இதில் என்ன கஷ்டம்' என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கம்பெனி வேலையிலிருந்தும் இந்தத் தளத்தின் தொகுப்பாளர் பொறுப்பிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டியதில்லை. அதனால் என் தவறு ஒன்றை முழுசாகச் சொல்கிறேன்.

நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். அதாவது, வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து காலையிலிருந்து மாலை வரை கடிதம் எழுதுகிற ஆள். துணி இன்னும் சாயப் பட்டறையிலிருந்தே வரவில்லை என்றால், 'தாமதம்' என்று எழுத மாட்டேன். 'சாய வேலை சிறப்பாக நடந்துகொண்டிருக்கிறது' என்று எழுதுவேன். பொய் சொன்னதில்லை. ஆனால் கறை இருக்கும் பக்கம் உள்ளே போகிற மாதிரி பனியனை மடிப்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கையோடுதான் செய்தி எழுத வந்தேன்.

வந்த காரணம் நல்ல காரணம். எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு கிடந்ததை யாரோ ஒருவர் இந்தத் தளத்தில் படத்தோடு எழுதினார். அதற்குப் பிறகுதான் ஆட்கள் வந்து சுத்தம் செய்தார்கள். இவ்வளவு வேலை நடக்கிறதா என்று ஆச்சரியப்பட்டு நானும் சேர்ந்தேன். முதல் செய்தியே என் கம்பெனியைப் பற்றித்தான். புதிதாக வாங்கிய பிரிண்டிங் மிஷின். அது இந்திய ஜவுளித் துறைக்கே வழிகாட்டி என்று எழுதியதாக ஞாபகம்.

அனுப்பிய கால் மணி நேரத்தில் போன் வந்தது. பேசியது புதியவர்களின் செய்திகளைச் சரிபார்க்கும் பெண். சோமனூரிலிருந்து வந்து இங்கே துணி டெஸ்டிங் லேபில் வேலை பார்ப்பவர். என் மகள் வயது. பெயரைச் சொல்லக் கூடாது என்று அவர் கட்டளை, எனவே சோமனூர் அம்மிணி என்றே சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஏனுங்கண்ணா, இது நீங்க வேலை பாக்கற கம்பெனிங்களா?"

"ஆமாங்க அம்மிணி."

"அப்ப நீங்க எழுதக் கூடாதுங்க. சொல்லோணும்னா செய்திக்குப் பின்னால உரையாடல் பக்கம்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல, அங்க வந்து, 'எனக்கும் இதுக்கும் இன்ன சம்பந்தம், இதைப் பத்தி யாராச்சும் விசாரிச்சு எழுதுங்க'ன்னு சொல்லிப் போடுங்க. வேற ஆளு பாத்து எழுதுவாங்க."

"வேற ஆளு எழுதுனாச் சரிங்களா?"

"வேற ஆளு எழுதுனாச் சரிங்க."

அந்தக் கடைசி வரி மட்டும் என் மண்டையில் நன்றாகப் பதிந்துவிட்டது. நடுவில் இருந்த 'விசாரிச்சு' என்ற சொல் பதியவில்லை.

நம் ஊரை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் முழுசாக உருவாவது அபூர்வம். நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தைப்பது இன்னோர் இடம். எல்லாம் ஜாப் ஒர்க். கடைசியில் கழுத்தில் ஏறுகிற லேபிள் இவர்களில் யாருடையதும் இல்லை. இதை யாரும் ஏமாற்று வேலை என்று சொல்வதில்லை, தொழிலே அதுதான். உன் மிஷினில் இடமில்லையா, வெளியே கொடுத்து வாங்கு. இந்த ஊரில் முப்பது வருஷம் குப்பை கொட்டிய ஒருவனிடம் 'உன் கம்பெனிச் செய்தியை நீ எழுதக் கூடாது, வேறு ஆள் எழுதலாம்' என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? ஜாப் ஒர்க்குக்குக் கொடுப்பான். நானும் கொடுத்தேன்.

என்னோடு அதே மாதம் சேர்ந்தவர் சகாயமேரி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வேறொரு கம்பெனியில் குவாலிட்டி இன்சார்ஜ். அவருக்கும் இதே விதி இடித்தது. ஒரு நாள் போன் செய்தார்.

"அண்ணே, எங்க கம்பெனில கண் கேம்ப் நடத்துதாங்க. நான் போடக் கூடாதாம்லா. நான் எழுதித் தாரேன், உங்க பேர்ல போடுதியளா?"

"போட்டுட்டாப் போச்சுங்க. எங்களுதும் ஒண்ணு வரும். அதை உங்க பேர்ல போட்டுருங்க."

இரண்டு பேருக்கும் துளி உறுத்தல் இல்லை. அன்றைக்கு நாங்கள் ஒருவருக்கொருவர் உதவி செய்துகொள்வதாகத்தான் நினைத்தோம். அவர் கண் கேம்ப் என் பெயரில் வந்தது. அடுத்தது எங்கள் முறை.

எங்கள் கம்பெனியில் தையல் பிரிவுப் பெண்களின் குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் திறந்தார்கள். பையரின் ஆட்கள் தொழிலாளர் வசதிகளைப் பார்க்க ஆடிட் வரும் நேரம் அது. ஆடிட் வேலைகளைக் கவனிக்கும் பிரிவிலிருந்து எனக்குப் படங்கள் வந்தன. மஞ்சள் சுவர், பொம்மை, தொட்டில், பாயில் வரிசையாகக் குழந்தைகள். அந்தப் படங்களைப் பையருக்கு அனுப்பினேன். அப்படியே கை ஓய்வதற்குள் ஒரு செய்தியும் எழுதினேன். 'தாய்மார்களின் கண்ணீரைத் துடைத்த நிறுவனம்' என்று தலைப்பு வைத்து சகாயமேரிக்கு அனுப்பினேன். அவர் தன் பெயரில் போட்டார்.

சோமனூர் அம்மிணி அவரிடம், "அந்தக் கம்பெனிக்கும் உங்களுக்கும் எதாச்சும் சம்பந்தம் இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார். இவர் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். பிறகு அம்மிணி கண்ணீரை எடுத்தார், துடைத்ததை எடுத்தார், 'கருணை உள்ளம்' எடுத்தார், 'முன்னோடி' எடுத்தார். மிஞ்சியது நான்கு வரி. இன்ன கம்பெனியில், இன்ன இடத்தில், தொழிலாளர் குழந்தைகளுக்குக் காப்பகம் திறக்கப்பட்டுள்ளது, காலை முதல் மாலை வரை இயங்குகிறது, ஆயா ஒருவர் இருக்கிறார், கட்டணம் இல்லை.

இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நடுநிலை என்றால் அடைமொழிகளைக் கிள்ளி எறிவது என்று ஒரு நினைப்பு. என் செய்தி அந்தக் கிள்ளலுக்குப் பிறகு பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. கண்ணீர், கருணை என்றெல்லாம் இருந்திருந்தால் படிக்கிறவர், 'இது கம்பெனிக்காரன் எழுதியது' என்று மோப்பம் பிடித்து நகர்ந்திருப்பார். சுத்தமான நான்கு வரியை நம்பினார்கள். நம்பியவர்களில் ஒருவர் பாண்டியம்மாள்.

அடுத்த சில வாரங்களில் எனக்குத் தொகுப்பாளர் உரிமை கிடைத்துவிட்டது. ஆபாசம், திட்டு, விளம்பரம் எது வந்தாலும் நீக்கலாம். நன்றாகத்தான் வேலை செய்தேன், அதில் குறையில்லை. ஒரு நாள் காலை டீ நேரத்தில் போனைத் திறந்தேன். அந்தக் காப்பகச் செய்திக்குக் கீழே ஒரு கருத்து வந்திருந்தது. அது எனக்கு இன்றும் மனப்பாடம்.

'இந்தச் செய்திய நம்பி அவிநாசிபாளையத்துல பாத்துக்கிட்டு இருந்த வேலைய விட்டுட்டு வந்தேன். எனக்கு ரெண்டு வயசுல பிள்ளை இருக்கு. இங்க வந்து வேலைக்குச் சேந்தா, பிள்ளைய விடுற ரூம் பூட்டிக் கெடக்கு. வாட்ச்மேன் அப்படி ஒண்ணும் இல்லேங்கிறாரு. பிள்ளைய விட எடம் இல்லாம ரெண்டாம் நாளே நின்னுட்டேன். பழைய கம்பெனில என் மிஷினுக்கு ஆள் போட்டுட்டாங்க. யாரு சார் இத எழுதுனது? பாண்டியம்மாள், ஓவர்லாக் டெய்லர்.'

டீ கையில் ஆறிப்போனது. எழுதியது யார் என்று ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரில் ஒருவனுக்கு அந்தக் கருத்தை நீக்குகிற உரிமையும் இருந்தது. ஒரே அழுத்து. 'ஆதாரமற்ற குற்றச்சாட்டு' என்று காரணம் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அப்படி நீக்குவதற்கு எனக்குச் சம்பளமே வருகிறது என்பது போல முதலாளியிடமிருந்து அழைப்பும் வந்தது.

எங்கள் முதலாளி கத்துகிறவர் அல்ல. கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார். அதுதான் பயம்.

"ஏனுங்க, நம்ம கம்பெனியப் பத்தி எந்தப் புள்ளையோ என்னமோ எழுதியிருக்குதாமா. அந்தத் தளத்துல நீங்களும் இருக்கறீங்கன்னு சொன்னாங்க. அதை எடுத்துப் போட்டுருங்க. அடுத்த மாசம் பையர் வேற மறுபடி வர்றாங்க."

"பாக்கறனுங்க."

"பாக்க என்னங்க இருக்குது? எடுத்துருங்க."

என் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வேலை போனால் அந்த வயதில் எங்கே போய் நிற்பது? அந்தப் பெண்ணுக்குத் தனியாக எங்காவது வேலைக்குச் சொல்லிவிடலாம், பிரச்சினை தீர்ந்துவிடும் என்று மனசு ஒரு பக்கம் ஓடியது. பனியனை மடிக்கிற அதே கை. கறை உள்ளே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது சகாயமேரி கூப்பிட்டார்.

"அண்ணே, பாத்தியளா? எனக்கு என்னென்னமோ எழுதுதாங்க. 'எவ்வளவு வாங்கிட்டு எழுதுன'ன்னு ஒருத்தன் கேக்கான். நான் அந்தக் கம்பெனி வாசல்ல கூட நின்னது கெடயாது. நான் என்னண்ணே பதில் சொல்ல?"

அவர் என் பெயரைச் சொல்லி ஒரே வரியில் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. என்னிடம்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் என் கணக்கெல்லாம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய மனிதன், ஒரு பெண்ணைத் தனக்கு லேபிளாக ஒட்டிவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

"நீங்க ஒண்ணும் எழுத வேண்டாங்க. நான் எழுதறேன்" என்றேன்.

உரையாடல் பக்கத்தைத் திறந்து நான்கு வரி எழுதினேன். 'இந்தச் செய்தியை எழுதியவன் நான். நான் அதே கம்பெனியில் வேலை செய்கிறேன். சகாயமேரி என் சொல்லுக்காகத் தன் பெயரில் போட்டார். அதேபோல் அவர் கம்பெனியின் கண் கேம்ப் செய்தியை நான் என் பெயரில் போட்டேன்.' எழுதி முடித்து அழுத்தினேன்.

பிறகு சோமனூர் அம்மிணிக்குப் போன் செய்தேன். அவர் ஏற்கெனவே படித்துவிட்டார்.

"அந்தக் கருத்தை டெலீட் பண்ணலைதானுங்களே?"

"இல்லீங்க அம்மிணி."

"அப்ப சரி பண்ணிக்கலாமுங்க. உங்க ரெண்டு பேருக்கும் தளத்துல எழுதற, நீக்கற உரிமைய மூணு மாசத்துக்கு எடுத்தர்றேன். கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள எனக்கு ஏது முகம்? ஆனால் அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் இன்னொரு காரியம் செய்தேன். இதைத்தான் நீங்கள் கூர்ந்து படிக்க வேண்டும், ஏனென்றால் முதல் தவறை விட இது மரியாதையான உடையில் வந்தது. என் கம்பெனி மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது. உட்கார்ந்து ஒரு செய்தி எழுதினேன். 'பையர் வந்தால் தொட்டில், போனால் பூட்டு' என்று தலைப்பு. ஆடிட்டுக்காகவே அறை திறந்தார்கள், ஆடிட் முடிந்ததும் திட்டமிட்டுப் பூட்டினார்கள், உள்ளேயிருந்த ஒரு மனசாட்சியுள்ள ஊழியர் உண்மையை வெளியே கொண்டுவந்தார். அந்த மனசாட்சியுள்ள ஊழியர் யாரென்று உங்களுக்குத் தெரியும். அதை அம்மிணிக்கு அனுப்பி, 'வேலையே போனாலும் பரவாயில்லை, போடுங்கள்' என்றும் எழுதினேன். என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் உடனே கூப்பிட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்கண்ணா. ஆனா இதுல பாண்டியம்மா ரெண்டு வரி வர்றாங்க. நீங்க பதினோரு வரி வர்றீங்க."

அனுப்பியதைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான்.

"முந்தி உங்க கம்பெனி நல்லதுன்னு எழுதுனீங்க. இப்ப நீங்க நல்லவருன்னு எழுதறீங்க. ரெண்டும் உங்க ஊட்டுச் செய்திதானுங்க. அப்புறம், திட்டம் போட்டுப் பூட்டுனாங்கன்னு போட்டிருக்கீங்களே, அது உங்களுக்கு எப்படித் தெரியும்? யாருகிட்டயாச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஆத்திரத்தில் எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது.

"எங்க லேபுல துணி வந்தா நம்பர் மட்டுந்தானுங்க இருக்கும். யாரு குடுத்தாங்க, அவங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு பாத்துட்டு சாயம் போகுதா போகலையான்னு சொல்ல முடியுமுங்களா? நீங்க இதை உட்டுருங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் என்ன செய்தார் என்று சொல்கிறேன். முதலில் பாண்டியம்மாளிடம் பேசினார். எப்போது வேலைக்கு வந்தார், எப்போது கதவு பூட்டியிருந்தது, வாட்ச்மேன் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயரைச் செய்தியில் போடலாமா என்று கேட்டார். வேறு கம்பெனிகளில் வேலைக்குப் போக வேண்டும், போட வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். இங்கே நான் எழுதியிருப்பதும் மாற்றுப் பெயர்தான். அந்தக் கருத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மறைத்தார். அடுத்தது எங்கள் முதலாளிக்கே போன். காப்பகம் மூடியிருப்பது உண்மையா, ஏன் மூடினீர்கள், மறுபடி திறப்பீர்களா என்று கேட்டார்.

மறுநாள் செய்தி திருத்தப்பட்டு வந்தது. 'இதன் முதல் வடிவத்தை எழுதியவர் அதே நிறுவனத்தின் ஊழியர். அது அப்போது தெரிவிக்கப்படவில்லை. காப்பகம் திறந்த சில நாட்களில் மூடப்பட்டது. செய்தியைப் படித்து அங்கே வேலைக்குச் சேர்ந்த தாய் ஒருவர், குழந்தையை விட இடமில்லாமல் வேலையை விட்டார். ஆயா நின்றுவிட்டதாகவும், வேறு ஆள் கிடைக்காததால் மூட வேண்டியதாயிற்று என்றும் நிர்வாகம் கூறுகிறது. வரும் திங்கட்கிழமை மீண்டும் திறக்கப்படும் என்று நிர்வாகம் தெரிவித்துள்ளது.' அவ்வளவுதான். எந்தச் சொல்லும் யாரையும் குத்தவில்லை. ஆனால் படித்துவிட்டு எங்கள் கம்பெனியில் மேலிருந்து கீழ் வரைக்கும் எல்லோரும் திங்கட்கிழமையை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆயா நின்றுவிட்டார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். விசாரித்தேன், உண்மைதான். அந்த அம்மாவின் மகளுக்குப் பிரசவம், ஊருக்குப் போய்விட்டார். வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆடிட் முடிந்துவிட்டதால் தோன்றவில்லை என்றும் சொல்லலாம், சோம்பல் என்றும் சொல்லலாம். எதுவாக இருந்தாலும் 'திட்டமிட்டு' என்ற என் சொல் பொய். என் ஆத்திரச் செய்தி வெளியாகியிருந்தால், முதலாளி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பொய் என்று சொல்லியிருப்பார். காப்பகம் பூட்டியேதான் கிடந்திருக்கும்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"அந்தச் சோமனூர் அம்மிணி ரொம்ப மரியாதையாப் பேசுச்சுங்க" என்றார். "ஆனா என்னைக்குத் தொறப்பீங்கன்னு கேட்டுச்சு. பாக்கலாமுன்னு சொன்னேன். 'பாக்கலாமுன்னே போட்டுரட்டுங்களா'ன்னு கேட்டுச்சு. அப்புறம் எங்க, திங்கட்கெழமைன்னு சொல்லிப் போட்டேன்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லியிருக்கோணுமுங்க" என்றேன். அது நியாயமான குறைதான். அதற்கப்புறம் நான்கைந்து மாதம் அவர் என்னிடம் நேராகப் பேசவில்லை. ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஓய்வு வயது வரும்வரை அங்கேதான் இருந்தேன்.

திங்கட்கிழமை காப்பகம் திறந்தது. நம் தளத்தின் இன்னொரு தன்னார்வலர், எங்கள் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாதவர், வாசலில் வந்து விசாரித்துவிட்டு, 'காப்பகம் திறக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தார். எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. அம்மிணியிடம் கேட்டு, பாண்டியம்மாளின் சம்மதத்தோடு அவர் நம்பரை வாங்கினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். திறந்துவிட்டார்கள், வந்து சேர்ந்துகொள்ளுங்கள் என்றும் சொல்ல வேண்டும். மிஷின் காலியாகத்தான் இருந்தது, சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டேன்.

யாரென்று சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "சரி சார்" என்றார். மன்னித்தாரா என்று அந்தக் குரலில் தெரியவில்லை.

"இப்பத் தெறந்துட்டாங்க. எங்க தளத்துலயும் போட்டிருக்குது, பாருங்க" என்றேன்.

"மொதல்லயும் உங்க தளத்துலதான சார் போட்டிருந்துச்சு."

அடுத்ததாக அவர் கேட்டார்.

"நீங்க அந்த ரூமப் பாத்திருக்கீங்களா சார்?"

நான் உட்கார்ந்திருந்தது இரண்டாவது மாடி. காப்பகம் அதே கட்டடத்தின் கீழ்த் தளம். முப்பத்தாறு படி. செய்தி எழுதிய அன்று நான் இறங்கிப் பார்க்கவில்லை. படங்கள் வந்தன, எழுதினேன். கருத்து வந்த அன்று இறங்கவில்லை. ஆத்திரச் செய்தி எழுதிய அன்றும் இறங்கவில்லை. திறந்துவிட்டார்கள் என்று இவரிடம் சொல்கிற இந்த நிமிஷம் வரைக்கும் இறங்கவில்லை. சம்பந்தம் உள்ளவன் எழுதக் கூடாது என்ற விதியைத்தான் மீறினேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணால் பார்க்காததை எழுதினேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இல்லீங்க" என்றேன். "லைன்ல இருங்க. இறங்கறேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டே படியிறங்கினேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"இப்ப உள்ளதான் நிக்கறேன். சொல்லுங்க."

"ஆயா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"சும்மா இருக்காங்களா, பிள்ளையப் பாக்குறாங்களா?"

"ஒரு கொழந்தையத் தோள்ல போட்டுட்டு நடக்கறாங்க. இன்னும் நாலு கொழந்தைங்க பாய்ல இருக்குதுங்க. ரெண்டு தூங்குதுங்க."

"காத்தாடி ஓடுதா?"

"ஃபேன் ஓடுதுங்க."

"தண்ணி?"

"குடம் இருக்குது. மூடி இல்லீங்க. தட்டு வெச்சு மூடியிருக்காங்க."

"கதவு எந்தப் பக்கம் தெறக்குது சார்?"

திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு வெளியே பண்டல் ஏற்றுகிற இடம். அந்த நேரத்துக்கு ஒரு வேன் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"வேன் வர்ற பக்கமுங்க."

"உள்ள தாப்பா இருக்கா?"

கதவின் உட்பக்கத்தில் தாழ்ப்பாளைத் தேடித் தடவிப் பார்த்தேன். "வெளியதான் இருக்குதுங்க. உள்ள இல்ல."

உள்ளே இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே மாட்டியும் இருக்கலாம். முப்பது வருஷமாக அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு அது வாயில் வரவே இல்லை.

"என் பிள்ளை ஓடுற பிள்ளை சார்" என்றார். "உள்ள தாப்பா போடச் சொல்லுங்க. பிள்ளைக்கு எட்டாத ஒசரத்துல. போட்டுட்டாங்கன்னா, நீங்க பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. வாரேன்."

மெயின்டனன்ஸ் ஆளைத் தேடிப் பிடித்து, அவர் துளை போட்டு, திருகி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பையருக்குப் போக வேண்டிய பதில்கள் மேலே காத்துக் கிடந்தன. கிடக்கட்டும் என்று விட்டேன். நானே இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு பாண்டியம்மாளைக் கூப்பிட்டேன். "தாப்பா போட்டாச்சுங்க. என் நெஞ்சு உயரத்துல இருக்குது. கொஞ்சம் இறுக்கமா இருக்குது, பலமாத் தள்ளோணும்" என்று சொன்னேன். "சரி சார்" என்றார்.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும் முன்பே வந்துவிட்டார். இடுப்பில் பிள்ளை, தோளில் ஒரு கூடை. நான் கும்பிட்டேன். தலையை மட்டும் அசைத்துவிட்டு நேராக உள்ளே போனார். பிள்ளையை இறக்கவில்லை. இடுப்பில் வைத்தபடியே கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டு, கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பிள்ளையைக் கீழே இறக்கினார்.